ஜூலைப் புல்

எங்கள் ஊரில் என்னைப் பற்றிக் கேட்டால் முதலில் பூட்ஸைப் பற்றித்தான் சொல்வார்கள். "லவோன் எடத்துக்கா போற? பூட்ஸ நல்லாத் தேச்சுட்டுப் போ." என் மேய்ச்சல் நிலத்தின் கதவில் ஒரு கம்பி பிரஷ் தொங்கும். வருகிறவர் பாஸ்டராக இருந்தாலும் சரி, மாட்டு டாக்டராக இருந்தாலும் சரி, பூட்ஸின் அடியைத் தேய்த்து, கால்சட்டை மடிப்பை உதறிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். வண்டி வந்தால் சக்கரத்தைக் கழுவ வேண்டும். புதிதாக வாங்கிய மாடு என்றால், வேறு இடத்தில் தின்று வந்ததெல்லாம் வயிற்றை விட்டு இறங்கும்வரை பட்டியிலேயே நிற்க வேண்டும். "மாட்டையே ஜெயில்ல போடுற ஒரே பொம்பள கன்சாஸ்லயே லவோனக்காதான்" என்று பக்கத்துப் பண்ணை டுவேன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். அவன் வாய்க்குப் பூட்டு போட ஆள் இல்லை.

இத்தனையும் ஒரே ஒரு செடிக்காக. செரீசியா என்று பெயர். கடல் தாண்டி வந்தது. மண் அரிக்காது, காடைக்குத் தீனியாகும் என்று என் அப்பா காலத்தில் சாலையோரத்திலும் அணைக்கரையிலும் விதைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் விதைத்தார்கள். அது ஒரு மேட்டில் குடியேறிவிட்டால், சில வருஷத்தில் அங்கே புல் இருந்த சுவடே தெரியாது. பச்சையாக இருக்கும்போது மாடு முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். விதை கடுகை விடச் சிறியது. மண்ணுக்குள் இருபது வருஷம் கிடந்தாலும் சாகாது. ஆகஸ்ட் முழுக்க நான் குதிரையில் ஏறி மேடு மேடாகத் தேடுவேன். ஒரு செடி கண்ணில் பட்டால் மருந்து அடிப்பேன், கல் வைத்து அடையாளம் பண்ணுவேன், அடுத்த வருஷமும் அதே கல்லண்டை போய்க் குனிந்து பார்ப்பேன். என் வேலிக்குள் அது காலூன்றியதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது, அதை மறைப்பானேன்.

அப்பா நிலத்தைப் பிரித்தபோது ஓடைக்கரையும் வீடும் தானியக் கொட்டகையும் அண்ணன் வெண்டெலுக்குப் போயின. எனக்கு மேட்டுப்பக்கம். ஒரு சாண் மண், அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. ஏர் இறங்காது. ஊரே எனக்காக உச்சுக்கொட்டியது. ஆனால் ஏர் இறங்காததால்தான் அந்தப் புல் பிழைத்தது. பூர்வ காலத்தில் காட்டெருமை மேய்ந்த அதே புல், அதே வேர். நல்ல மழை பெய்த வருஷத்தில் செப்டம்பரில் குதிரை மேல் உட்கார்ந்திருந்தாலும் முழங்காலைத் தொடும். அதை ஒருமுறை உழுதுவிட்டால் எந்தப் பணக்காரனாலும் திரும்ப முளைக்க வைக்க முடியாது. இப்போது யாரும் எனக்காக உச்சுக்கொட்டுவதில்லை.

வெண்டெல் வேறு மாதிரி. நான் கதவைச் சாத்திப் பெயர் வாங்கினேன் என்றால் அவர் திறந்து வைத்துப் பெயர் வாங்கியவர். யாருக்குக் கால் முறிந்தாலும் அவர் டிராக்டர் அங்கே நிற்கும். எங்கே தீப்பிடித்தாலும் முதல் லாரி அவருடையது. அண்ணன் தங்கைக்குள் பேச்சு உண்டு, சாப்பாடு உண்டு, சண்டையும் உண்டு. பாராட்டு மட்டும் கிடையாது. அது எங்கள் அப்பாவிடமிருந்தே எங்களுக்கு வரவில்லை.

அந்த மார்ச்சில் மேற்கே தீ. தீ எங்களுக்குப் புதிதல்ல. ஏப்ரல் வந்தால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து நாங்களே புல்லுக்குத் தீ வைப்போம், நாங்களே அடக்குவோம். ஆனால் இது காற்று கொண்டுபோன தீ. இரண்டு நாளில் ஒரு மாவட்டமே கரியாகிவிட்டது. வேலி போயிற்று, புல் போயிற்று, மாடு பாதி போயிற்று. மிஞ்சிய மாட்டுக்குப் போட ஒரு பிடி இல்லை. இப்படி ஒரு சேதி வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். உலர்புல்லை லாரியில் ஏற்றி, கொடி கட்டி, வரிசையாகக் கிளம்பிவிடுவார்கள். கொடுப்பவர் எவ்வளவு என்று சொல்வதில்லை, வாங்குபவர் என்ன என்று பார்ப்பதில்லை. அதுதான் எங்கள் மரியாதை.

எங்கள் ஊர் லாரிகள் ஓரின் ரெம்பெல் என்பவருடைய பண்ணைக்குப் போவதாக முடிவாகியிருந்தது. அவருடைய நிலமும் என்னுடையது மாதிரிதான், கலப்பை காணாத நிலம் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கிளம்பும் நாள் காலையில் வெண்டெலின் முற்றத்துக்குப் போனேன். பதினோரு லாரி வரிசையில் நின்றது. ஒவ்வொன்றின் பின்னாலும் நீளமான டிரெய்லர், அதன்மேல் ஆள் உயர உருளைக் கட்டுகள். முக்கால்வாசி வெண்டெலுடைய புல், மீதி டுவேனுடையதும் மற்றவர்களுடையதும். பள்ளிக்கூடத்து பேண்டு வந்திருந்தது. பேப்பர்க்காரர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். சர்ச் பெண்கள் அண்டாவில் சில்லி என்கிற காரக் கறிக்குழம்பைக் கிளறினார்கள், அதில் முக்கித் தின்ன லவங்கப்பட்டை போட்ட இனிப்புச் சுருள் ரொட்டி கொண்டுவந்தவள் நான். புல் நான் கொடுக்கவில்லை. என்னிடம் மிச்சமிருந்தது என் மாடுகளுக்கு மே மாதம்வரை சரியாக இருக்கும், அவ்வளவுதான்.

வெண்டெல் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாங்க மேட்டு மகாராணி. எல்லாரும் புல்லு கொண்டாந்தா நீ ரொட்டியா? அங்க மாட்டுக்குப் பல்லு கூசாதா, இவ்ளோ இனிப்பு?"

"மாட்டுக்கு இல்ல அண்ணே, உங்களுக்குத்தான். காலையிலேருந்து சிரிச்சுச் சிரிச்சு வாய் வலிச்சிருக்கும்."

டுவேன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். "ஆரம்பிச்சுட்டாங்கப்பா. அண்ணன் தங்கச்சி பாசத்துக்கு டிக்கெட் போட்டு வித்திருக்கலாம்."

நான் காபியை ஒரு கட்டின் மேல் வைக்கக் கையை ஊன்றினேன். குத்தியது.

எங்கள் புல் குத்தாது. காய்ந்தாலும் மெத்தென்று இருக்கும். குத்தியதை இழுத்துப் பார்த்தேன். கம்பி மாதிரி விறைத்த தண்டு, தண்டை ஒட்டி நெருக்கமாக மூன்று மூன்று இலை, இலைக்கக்கத்தில் வரிசையாக விதை. செரீசியாவேதான். அடுத்த கட்டில் கையை விட்டேன், அங்கேயும் இருந்தது. அடுத்த லாரிக்குப் போனேன். காபியை எங்கே வைத்தேன் என்றே எனக்கு நினைவில்லை.

"அண்ணே, கொட்டகைக்குப் பின்னாடி கொஞ்சம் வாங்க."

"இப்பவா? போட்டோ எடுக்கப் போறாங்க."

"இப்பவே."

என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"இந்தக் கட்டெல்லாம் எப்ப அறுத்தது?"

"புல்லறுக்குறப்ப அறுத்தது. ஏன்?"

"ஜூலையிலயா?"

அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். எங்கள் பக்கத்தில் புல்லை ஜூலை முதல் பாதியிலேயே அறுத்துவிட வேண்டும். அது சின்ன வயதிலிருந்தே எங்கள் காதில் ஓதப்பட்டது. புல்லில் சத்து இருக்கும், அறுத்த வேர் மழைக்கு முன் சுதாரித்துக்கொள்ளும். அதோடு, அப்போது செரீசியா இருந்தாலும் பூத்திருக்காது. ஜூலைப் புல்லில் விதை இருக்காது.

"செப்டம்பர் கடைசி," என்றார். "டுவேனோட புல்லுக் கட்டுற மெஷின் ஒடஞ்சு கெடந்துச்சு, அவனோடத மொதல்ல முடிச்சுக் குடுத்தேன். அப்புறம் ஆஸ்பத்திரியில இருந்தவரோடது, அப்புறம் பாஸ்டரோடது. என்னோடது கடைசியாப் போச்சு. அதுக்கு இப்ப என்ன?"

நான் தண்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ரோட்டோரத்துல கொஞ்சம் இருந்துச்சு," என்றார். "ஓரத்துலதான்."

"ஓரத்தையும் சேத்துத்தான அறுத்தீங்க?"

"ஏ லவோனு, அங்க மாடு பசியில கத்துது. நீ இங்க நின்னு எல பொறுக்கிட்டிருக்க. ஒனக்கு ஒன் நெலம் சுத்தமா இருக்கணும், அவ்ளோதான். ஊருல எவன் செத்தா என்ன."

சுருக்கென்று வந்தது எனக்கு. "என் நெலத்துக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல அண்ணே. இது அங்கதான் போகுது. பச்சையா இருந்தா மாடு தொடாது. காஞ்சதத் தின்னுடும். தின்னுட்டு அந்தாளு மேடு முழுக்கச் சாணி போடும். ஒவ்வொரு சாணியிலயும் வெத உசுரோட விழும்."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"இப்பத் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு அவரு தன் மேட்டுல நின்னு, இது எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிப்பாரு. அப்பத் தெரியும்."

"பேண்டே வந்து நிக்குதுடி!"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கொட்டகைக்கு அந்தப் பக்கம் யாரோ டிரம்மைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன், அறுபது தாண்டிய மனுஷன், அந்தச் சத்தத்தைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஊருக்கெல்லாம் அறுத்துக் கொடுத்த காரணத்தால்தான் அவர் புல் தாமதப்பட்டது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

"எரிஞ்ச மண்ணு அண்ணே," என்றேன், கொஞ்சம் தணிந்து. "அதுல வேற புல்லு இன்னும் தல தூக்கல. மொதல்ல எந்திரிக்கிறது இதாத்தான் இருக்கும். தீ வந்துச்சு, எரிச்சுச்சு, போயிடுச்சு. மழ பேஞ்சா அந்த வேரெல்லாம் திரும்ப வந்துடும். நாம அனுப்புறது வந்தா போகவே போகாது."

அவர் கையை நீட்டினார். தண்டைக் கொடுத்தேன். கட்டைவிரலால் உருவினார். உள்ளங்கையில் விதை உதிர்ந்தது. விரலால் அதைக் கிளறிப் பார்த்தார்.

எனக்கே பாவமாகிவிட்டது. "ஏதாவது சாக்கு சொல்லிக்கலாம் அண்ணே. லாரி ரிப்பேருன்னு, இல்ல ரோடு மூடியிருக்குன்னு."

"சாக்கு சொல்லி நிறுத்தினா நாளைக்கு இதே கட்டு வேற எவனோட வண்டியிலயாவது ஏறிப் போகும்," என்றார். விதையைச் சட்டைப் பைக்குள் போட்டு, பொத்தானை மாட்டி, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். ஒன்றுகூட முற்றத்தில் சிந்தக் கூடாது என்று அப்படிச் செய்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நேராகப் போய் முதல் டிரெய்லரின் மேல் ஏறினார். ஜனங்கள் கைதட்டினார்கள், அவர் கொடுத்ததற்காகப் பேசப்போகிறார் என்று. பேப்பர்க்காரர் கேமராவைத் தூக்கினார்.

"என் புல்லுல செரீசியா இருக்கு," என்றார் வெண்டெல். "வெதையோட இருக்கு. நான் லேட்டா அறுத்தேன். என் தப்பு. இது ஊர விட்டு வெளிய போகாது. எல்லாத்தையும் எறக்குங்க."

பேண்டு மாஸ்டர் தூக்கிய கையைத் தூக்கியபடியே நின்றார். சில்லி கிளறிய கரண்டி நின்றது. எங்கள் ஊரில் ஒரு ஆண்பிள்ளை தன் புல்லைத் தானே குறை சொல்லி நான் கேட்டதில்லை. பெண்டாட்டியைக்கூடக் குறை சொல்வார்கள், புல்லைச் சொல்ல மாட்டார்கள். அவர் குரல் நடுங்கவில்லை. எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

பேப்பர்க்காரர் கேமராவை மெல்ல இறக்கினார்.

"ஏன் எறக்குறீங்க? எடுங்க," என்றார் வெண்டெல். தண்டு ஒன்றை உருவித் தலைக்கு மேல் பிடித்தார். "இது தெரியுற மாதிரி எடுங்க. பாக்குறவன் தன் கட்டையும் பிரிச்சுப் பாக்கட்டும்."

டுவேன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணே, என்னோடதயும் நீங்கதான அறுத்தீங்க? அதே மெஷின்லதான? மொதல்லயா, கடைசியிலயா?"

"மொதல்ல. ஜூலையில."

"அப்பாடா. என் மெஷின் ஒடஞ்சதுக்கு எட்டு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் சந்தோஷப்படுறேன்."

அவன் பேச்சுக்கு எல்லோரும் சிரித்தார்கள், அத்தோடு இறுக்கம் விட்டது. அதன்பிறகு ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். என்னோடது ஆகஸ்ட் கடைசி என்றார் ஒருவர். என்னோடதும் வெண்டெலோட மெஷின் செப்டம்பரில் வந்து அறுத்ததுதான், அதிலேயும் விதை இருக்கும் என்றார் பாஸ்டர். கட்டுகளைப் பிரித்து, குனிந்து, மூக்கு உரசப் பார்த்தார்கள். சந்தேகம் வந்ததெல்லாம் கீழே இறங்கியது. கடைசியில் டுவேனுடைய ஒரு லாரி மட்டும் புல்லோடு நின்றது. அங்கே பசித்திருக்கும் மாடுகளுக்கு அது இரண்டு நாளுக்குக்கூடக் காணாது.

எல்லோருடைய கண்ணும் மெல்ல மெல்ல என் பக்கம் திரும்பியது. யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள்.

"என்னத்த எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றேன். "ரெண்டு லாரி மேட்டுக்கு வாங்க. எல்லாம் ஜூலை மொத வாரத்துது."

வெண்டெல் டிரெய்லரை விட்டு இறங்கி வந்தார். "ஒன் மாட்டுக்கு?"

"பாத்துக்கலாம்."

"என்ன பாத்துப்ப? என்கிட்ட மாட்டுக்குன்னு பதப்படுத்தின சோளத்தட்ட ஒரு குழி நெறைய இருக்கு. ஒன் கல்லு மேட்டுக்கு நான் கொண்டாந்து போடுறேன். மே மாசம்வரைக்கும்."

"சக்கரத்தக் கழுவிட்டு வாங்க."

"தெரியும் தாயே," என்றார்.

கிளம்ப மதியம் ஆகிவிட்டது. கெட்ட கட்டு ஏறிய டிரெய்லரை எல்லாம் பெருக்கி, தண்ணீரைப் பீய்ச்சி இடுக்கு இடுக்காகக் கழுவினோம். இறக்கிய கட்டுகளைச் சரளைக்கல் முற்றத்தின் நடுவில் குவித்து எரிக்க நான்கு பேர் நின்றார்கள், பெருக்கிய குப்பையும் அந்தக் குவியலுக்கே போயிற்று. வெண்டெல் சட்டைப் பையை உள்வெளியாகத் திருப்பி அதில் உதறினார்.

காலி லாரிகளை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. வீட்டுக்கு ஓட்டிப்போகலாம் என்றான் டுவேன்.

"அதெல்லாம் இல்ல," என்றார் வெண்டெல். "பதினோரு வண்டி வரும்னு சொல்லியாச்சு. பதினோரு வண்டி போகும். இரும்புக் கம்பம் ஏத்துங்க, முள்ளுக்கம்பி ஏத்துங்க. கையில பலம் இருக்குறவன் எல்லாம் ஏறுங்க. வேலி போடத் தெரியாதவன் எவன் இருக்கான் இங்க?"

அப்படியும் ஊரில் இருந்த கம்பமும் கம்பியும் நாலு வண்டிக்குத்தான் வந்தது. மற்றவை காலியாகவே போயின. அவருடைய லாரிதான் முதலில் போயிற்று. பின்னால் வெறும் பலகை, ஒரு கொடி. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஜனங்கள் சாலையோரம் நின்றிருந்தார்கள், புல் லாரி வருகிறதென்று. தூரத்தில் கொடியைக் கண்டதும் கையசைப்பார்கள். வண்டி நெருங்க, காலி டிரெய்லரைப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே பாதியில் நிற்கும். ஒரு கிழவர் பின்னால் வரும் வண்டிகளையும் எட்டிப் பார்த்துவிட்டு எதையோ முணுமுணுத்தார். எனக்கு இருக்கைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. வெண்டெல் ஒவ்வொரு ஊரிலும் தொப்பியைத் தொட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பதிலுக்குக் கையசைத்தபடியே ஓட்டினார். மூன்றாவது ஊரிலிருந்து நானும் கையசைத்தேன்.

ஓரின் ரெம்பெலின் பண்ணைக்குள் நுழைந்தபோது சாயங்கால வெயில். தரை கறுப்பு, எட்டும்வரை கறுப்பு. வேலி இருந்த இடத்தில் கரிக்கட்டைகள் வரிசையாக நின்றன. மாடுகள் பட்டியில் நெருக்கியடித்து நின்று, லாரிச் சத்தம் கேட்டதும் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. அதைக் கேட்டால் கல்லும் கரையும். ஆனால் கதவுக்கு வெளியே, சரளைத் தரையில், தார்ப்பாய் மூடிய உலர்புல் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. இவ்வளவு புல்லை வைத்துக்கொண்டு மாட்டை ஏன் கத்தவிடுகிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஓரின் எதிரே வந்தார். ஒல்லியான உயரமான மனிதர், புருவம் இரண்டும் தீயில் கருகியிருந்தன. காலி லாரிகளைப் பார்த்தார். வெண்டெல் இறங்கித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"பதினோரு வண்டி புல்லுன்னு சொன்னோம். மூணுதான் கொண்டாந்திருக்கோம். மிச்சம் என்னோட புல்லு. அதுல செரீசியா வெத இருந்துச்சு. ஒங்க மண்ணுல அதக் கொட்ட எனக்கு மனசு வரல. எரிச்சுட்டோம். மன்னிக்கணும். ஆளுங்க வந்திருக்கோம், வேலி போட்டுக் குடுத்துட்டுப் போறோம்."

ஓரின் அந்தக் குவியலின் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தத் தார்ப்பாயத் தூக்கிப் பாருங்க."

டுவேன் போய்த் தூக்கினான். நான் குனிந்து பார்த்தேன். செரீசியா. பக்கத்துக் கட்டில் முள்ளுச்செடித் தலைகள். இன்னொன்றில் எனக்கே பெயர் தெரியாத ஏதோ ஒரு விதைக்கதிர்.

"எங்கெங்கேருந்தோ வந்துச்சு," என்றார் ஓரின். "ராத்திரியெல்லாம் தூங்காம ஓட்டிக்கிட்டு வந்தாங்க. கொழந்தைங்க கையெழுத்துப் போட்ட அட்டையெல்லாம் வச்சிருந்துச்சு. அவங்ககிட்டப் போயி, ஒங்க புல்லு வேணாம்னு எப்படிங்க சொல்றது? தொப்பியக் கழட்டினேன், ரொம்ப நன்றின்னேன். அவங்க போனதும் ஒவ்வொரு கட்டா பிரிச்சுப் பாத்துப் பாத்து, இங்க ஒதுக்கிட்டேன். நல்லதா இருந்ததப் பாதி வயித்துக்குப் போட்டுக்கிட்டிருக்கேன். நாலு தலமொறையா இந்த மண்ணுல ஏர் படல. பசிய விடக் கேடு ஒண்ணு இருக்குன்னு வீட்டுல சொன்னா என்னப் பைத்தியம்னு பாக்குறாங்க."

"பைத்தியம் இல்ல," என்றார் வெண்டெல்.

ஓரின் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "வந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இதச் சொன்னீங்க. ஒங்க மூணு வண்டிய மட்டும் நான் பிரிச்சுப் பாக்கப் போறதில்ல. கண்ண மூடிக்கிட்டு மாட்டுக்குப் போடப் போறேன்."

வெண்டெலின் கண் கலங்கியது. டுவேன்கூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு இதை விடப் பெரிய மரியாதை செய்துவிட முடியாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"கண்ண மூடிக்கிட்டா?" என்று கத்திவிட்டேன். "அதென்ன பேச்சு? நல்லாத் தெறந்து வச்சுக்கிட்டுப் போடுங்க. ஒரு கட்டு விடாம பிரிங்க, உள்ள கைய விட்டுப் பாருங்க. என் புல்லுல ஒரு வெதயக் காட்டினீங்கன்னா நான் இங்கேருந்து நடந்தே வீட்டுக்குப் போறேன். நாலு பேரு பாக்கட்டும்னுதான்யா இவ்ளோ தூரம் கொண்டாந்தேன்!"

ஓரின் கருகிய புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு வெண்டெலிடம் திரும்பினார்.

"யாருங்க இந்தம்மா?"

"என் தங்கச்சி," என்றார் வெண்டெல். "இது அவ புல்லு." தொப்பியைத் தலையில் வைத்துச் சரிசெய்துகொண்டார். "எங்க பக்கத்துல இத விட நல்ல புல்லு கெடையாது."

எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார். இருந்தாலும் எல்லோர் காதிலும் விழுந்தது.

ஓரின் சிரித்தார். தீ வந்ததிலிருந்து சிரிக்காத முகம் என்று பார்த்தாலே தெரிந்தது. பேனாக்கத்தியை எடுத்து முதல் கட்டின் கயிறுகளை அறுத்தார். புல் பச்சை மங்காமல் மெத்தென்று சரிந்தது. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிரித்துப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். டுவேன் ஒரு பக்கம் குனிந்தான், பாஸ்டர் ஒரு பக்கம் குனிந்தார், கடைசியில் என் அண்ணனும் குனிந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தேடட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடட்டும்.